பங்கு பிரித்த மாத்திரை

பீர்க்கன்கரணை
9 ஜூன் 2024

அஞ்சலிக்கு நைனா சொல்ல, ஞானஜோதி டீச்சர் எழுதுவது.

நலம் கேட்கிற வரியைத்தான் டீச்சர் முதலில் எழுதப் போனார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நலமாக இருந்தால் நான் எதற்கு உனக்குக் கடிதம் போடப்போகிறேன்?

போனில் பேசலாமே என்பாய். கடலுக்குப் போன காலத்தில் போட் மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து என் காது போய்விட்டது. போனில் நான் கத்தினால் தெருவே கேட்கும், உன் அக்கா காந்தாவும் கேட்பாள். நீ சொல்வது மட்டும் எனக்குக் கேட்காது. கடிதம் என்றால் பக்கத்து வீட்டு டீச்சர் காதருகே வந்து படிப்பார். ஒரு தடவை படித்தால் போதும், எனக்குள் நின்றுவிடும்.

மே மாசம் நீ ஐதராபாத்திலிருந்து வந்திருந்தபோது, ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் முன்னால் என்னைப் பார்த்து என்ன சொன்னாய்? "நீ சும்மா கெட நைனா, ஒனக்கு இதெல்லாம் புரியாது." பச்சைச் சுடிதார் போட்டிருந்தாய். தண்ணீர் பாட்டில் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாய். நான் கேட்டது ஒரே கேள்விதான். இந்தப் புது மாத்திரை என் பெண்ணின் கைக்குள் போய் என்ன செய்யும்? அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

காந்தாவுக்கு இது வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பெருங்களத்தூர் ஸ்டேஷன் பக்கம் கடை போட்டுவிட்டு வந்தவள், மீதியிருந்த சங்கரா மீன் கூடையை இரண்டு முழங்கையாலும் அணைத்து இறக்கினாள். "இன்னாம்மா, கைல இன்னா?" என்றேன். "ஒண்ணுமில்ல நைனா, விரல் மடங்க மாட்டேங்குது" என்றாள். மூட்டு முடங்குகிற வியாதியைச் சரவாங்கி என்று நம் குப்பத்தில் சொல்வார்களே, அதுதான் என்று அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. இப்போது காலையில் சுடுதண்ணீரில் ஊறவைத்தால்தான் அவளுடைய விரல்கள் பிரிகின்றன. கடையில் மீன் வெட்டப் பக்கத்துக் கடைக்காரியைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. மாப்பிள்ளை சிட்டிபாபுவுக்கு மறைமலை நகர் கம்பெனியில் ஷிப்ட். அவர் எத்தனை நாள் லீவு போட்டுக் கூட நிற்பார்?

டீச்சருக்கும் இதே நோய்தான். இதை எழுதுவதே அந்தக் கோணிப்போன விரல்கள்தான். எழுத்து நண்டு நடந்த மாதிரி இருப்பதாக அவரே சொல்லிச் சிரிக்கிறார். நீ சொன்ன மருந்துச் சோதனையில் இரண்டு பேரும் சேர்ந்துவிட்டார்கள். ஒரே ஆட்டோவில் போய் ஆளுக்கொரு டப்பா வாங்கி வந்திருக்கிறார்கள்.

எனக்கு உட்கார முடியவில்லை. ஏரிக்கரை வரை நடக்கிறேன், திரும்பி வருகிறேன், மறுபடியும் நடக்கிறேன். அந்த மாத்திரை என்ன செய்யும்? எனக்குப் புரிகிற மாதிரி எழுது. புரியாவிட்டால் அது என் குற்றம்.

உன் நைனா
துலுக்காணம்


ஐதராபாத்
21 ஜூன் 2024

நைனாவுக்கு,

'நீங்கள்' என்று எழுதிப் பார்த்தேன். வேறு யாருக்கோ எழுதுகிற மாதிரி இருந்தது. அதனால் எப்போதும் போல 'நீ' என்றே எழுதுகிறேன்.

அன்று அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஆனால் ஒன்று சொல்லட்டுமா? நீ ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த டாக்டரின் சட்டையைப் பிடிக்காத குறையாக ஒன்பது கேள்வி கேட்டாய். எனக்கு அவமானமாக இருந்தது. சரி, அதை விடு.

மீன் கடையை வைத்தே சொல்கிறேன். நம் உடம்புக்குள் என்சைம் என்று சில சாமான்கள் உண்டு. நொதி என்று டீச்சர் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருப்பார். அவற்றில் ஒரு வகை, புரதத்தை வெட்டுகிற கத்தி. கிருமி ஒன்று உள்ளே வந்தால், உடம்பின் சில அணுக்கள் அதை விழுங்கி, இந்தக் கத்தியால் துண்டு போட்டு, துண்டுகளை வெளியே பலகையில் பரப்பி வைக்கும். காவலுக்குச் சுற்றுகிற அணுக்கள் வந்து பார்க்கும். 'இது நம்ம ஊர் மீன் இல்லையே' என்று தெரிந்தால் சத்தம் போட்டுச் சண்டைக்கு ஆள் கூட்டும். உடம்பு கிருமியை ஜெயிப்பது இப்படித்தான்.

அக்காவுக்கு நடந்திருப்பது என்னவென்றால், பலகையில் அவளுடைய சொந்த உடம்பின் துண்டுகளே கிடக்கின்றன. காவல்காரன் அதை வேற்றூர் மீன் என்று நினைத்துவிட்டான். சண்டை மூட்டுக்குள் நடக்கிறது. அந்தக் கலவரத்தில் வேறு சில கத்திகள் கிளம்பி, எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி இருக்கிற குருத்தெலும்பைத் தின்கின்றன. அதனால்தான் வீக்கமும் வலியும்.

புது மாத்திரை, துண்டு போடுகிற அந்த முதல் கத்தியின் வாயை அடைக்கப் பார்க்கிறது. அதை உண்டாக்கிய கூட்டத்தில் நானும் ஒருத்தி. கண்ணாடிக் குழாயிலும் எலியிலும் அது வேலை செய்ததைப் பார்த்திருக்கிறேன். மனிதரிடம் வேலை செய்யுமா என்று தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் இந்தச் சோதனை. அதனால் பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கிற வெறும் மாத்திரை. டம்மி. யாருக்கு எது என்று கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றாலே என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். எல்லாரும் வாரத்துக்கு ஒரு தடவை சாப்பிடுகிற பழைய மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிட வேண்டும்.

டீச்சரை ரொம்ப எழுதவைக்காதே.

அஞ்சலி


பீர்க்கன்கரணை
14 ஜூலை 2024

அஞ்சலிக்கு,

உன் கடிதம் மனசில் அப்படியே இருக்கிறது. "சண்டை மூட்டுக்குள் நடக்கிறது" என்ற இடத்தில் டீச்சர் படிப்பதை நிறுத்திவிட்டுத் தன் கையைப் பார்த்தார்.

இந்தக் கத்தி எனக்குப் புதுசில்லை. மத்தி மாதிரி இருக்கிற கவலை மீன் வயிறு நிறையத் தீனி தின்றுகொண்டிருக்கும்போது வலையில் விழுந்தால், கரைக்கு வருவதற்குள் வயிறு வெடித்துவிடும். வெளியே ஒரு காயம் இருக்காது. உள்ளே இருக்கிற செரிக்கிற நீரே அதன் வயிற்றைத் தின்றிருக்கும். உடனே குடலை எடுத்து ஐஸில் போட்டால் தப்பும். என் பெண்ணின் கையிலும் இதேதான் நடக்கிறது என்றால், கத்தியை மொத்தமாக எடுத்துவிட வேண்டியதுதானே? இதற்கு எதற்குச் சோதனை?

இப்போது நல்ல சேதி. காந்தாவின் கை திறந்துவிட்டது! நேற்றுக் காலை சுடுதண்ணீர் கேட்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று தானே பின்னல் போட்டாள். கடையில் ஒரு வஞ்சிரத்தைத் தானே துண்டு போட்டாளாம். "யக்கா, கையா அது, மிசினா?" என்று பக்கத்துக் கடைக்காரி கேட்டாளாம். வந்து என்னிடம் சொன்னபோது அவளுடைய முகத்தைப் பார்க்க வேண்டுமே.

டீச்சருக்கு ஒரு மாற்றமும் இல்லை. "எனக்குக் கிடைத்தது டம்மியாக இருக்கும், ஆண்டவர் சித்தம்" என்கிறார். (இந்த வரியை எழுத மாட்டேன் என்றார். எழுதினால்தான் அடுத்ததைச் சொல்வேன் என்றேன்.)

இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை, அஞ்சலி. ஒரே ஆட்டோவில் போனார்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஊசியும் ரத்தமும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஒருத்திக்கு மருந்து, ஒருத்திக்கு மாவா? நம் குப்பத்தில் கடலுக்கு ஒன்றாகப் போனவர்களில் யார் வலையில் மீன் விழுந்தது என்று எவனாவது கேட்டிருக்கிறானா? கரைக்கு வந்தால் மொத்தத்தையும் மணலில் கொட்டிப் பங்கு பிரிப்போம். உன் சித்தப்பன் காய்ச்சலில் படுத்து வராத நாளிலும் அவன் பங்கு அவன் வீட்டுக்குப் போனது. படகுக்கும் ஒரு பங்கு கொடுக்கிற ஊர் அது. கட்டையால் செய்ததற்கே பங்கு என்றால் மனுஷிக்கு இல்லையா?

படித்தவர்கள் செய்கிற நியாயம் இது என்றால் இருக்கட்டும். நான் பார்த்துக்கொள்கிறேன்.

நைனா


ஐதராபாத்
2 ஆகஸ்ட் 2024

நைனாவுக்கு,

அக்கா பின்னல் போட்ட படத்தைப் போனில் அனுப்பினாள். அன்று லேபில் யாரிடமும் சொல்ல முடியாமல் சொல்லவும் துடித்துக்கொண்டு மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன். நடக்கிற வியாதி உன்னிடமிருந்துதான் எனக்கு வந்திருக்கிறது.

ஆனால் அவளுக்குக் கிடைத்தது மருந்தா டம்மியா என்று நமக்குத் தெரியாது. நம்பிக்கையிலேயே சிலருக்குக் கை திறக்கும். பழைய மாத்திரையே தாமதமாக வேலை செய்திருக்கலாம். இதைப் பிரித்துப் பார்க்கத்தான் டம்மி வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் எலுமிச்சம்பழம் மந்திரிப்பவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

வயிறு வெடித்த மீனைப் பற்றி நீ சொன்னது கிட்டத்தட்டச் சரி. ஆனால் அந்த மீன் செத்தது. உயிரோடு நீந்தும்போது அதே நீர் அதன் வயிற்றைத் தின்றதா? இல்லை. உயிருள்ள உடம்பில் அந்தக் கத்திகளுக்கெல்லாம் உறை உண்டு. அக்காவுக்கு உறை நழுவியிருக்கிறது. அவ்வளவுதான். கத்தியை மொத்தமாக எடுத்துவிட முடியாது, நைனா. நாளைக்கே கிருமி வந்தால் அதைத் துண்டு போட்டுக் காட்ட யார் இருப்பார்கள்? காவல்காரனுக்கு எதிரி வந்ததே தெரியாமல் போய்விடும். இந்த மருந்தில் எங்களுக்கு இருக்கிற பயமே அதுதான். அதனால்தான் சோதனையில் இருப்பவர்களுக்கு லேசாகக் காய்ச்சல் என்றாலும் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதியிருக்கிறாயே. எதைப் பார்த்துக்கொள்வாய்? ஆஸ்பத்திரிக்குப் போய் யாரிடமும் சண்டை போடாதே.

அஞ்சலி


பீர்க்கன்கரணை
8 செப்டம்பர் 2024

அஞ்சலிக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது. வேலை இருந்தது. என்ன வேலை என்று கேட்காதே.

யாரிடமும் சண்டை போடவில்லை. நிம்மதியாக இரு. இங்கே எல்லாம் நன்றாகத்தான் போகிறது. டீச்சர் இப்போது காலையில் ஜெபப் புத்தகத்தைத் தானே கையில் பிடித்துக்கொள்கிறார். முந்தாநாள் இறால் கொண்டுபோய்க் கொடுத்தேன். உரித்துக்கொண்டு வரவா என்று காந்தா கேட்டதற்கு, "வேண்டாம்மா, நானே உரிக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டார். எத்தனை வருஷமாக மீன் வாசனையே இல்லாத வீடு அது. சாயந்தரம் தொக்கு மணம் எங்கள் வாசல் வரை வந்தது.

காந்தாவுக்குக் காலையில் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது. முன்பு போல் இல்லை, கொஞ்சம்தான். ஈரக் காற்று காரணமாக இருக்கும். ஆனாலும் கத்தியைப் பிடிக்கிறாள்.

டம்மி கொடுத்துத்தான் உண்மையைத் தெரிந்துகொள்ள முடியும் என்று எழுதியிருந்தாய். உண்மை தெரிய இன்னொரு மனுஷி வலியில் கிடக்க வேண்டும் என்றால் அந்த உண்மை எனக்கு வேண்டாம். உனக்கு வேண்டியிருக்கலாம். நீ படித்தவள்.

எனக்குத் தூக்கம்தான் சரியாக வரவில்லை. வயசு.

நைனா


ஐதராபாத்
19 செப்டம்பர் 2024

நைனா,

உன்னுடைய மூன்று கடிதங்களையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஜூனில் டீச்சரின் எழுத்து கோட்டை விட்டு மேலும் கீழும் ஓடியது. ஜூலையிலும் அப்படித்தான். செப்டம்பரில் எழுத்து உருண்டையாக, கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதுகிற டீச்சரின் எழுத்து.

அதே மாதத்தில் அக்காவுக்குக் காலையில் பிடித்துக்கொள்கிறது.

நான் கேட்கக் கூடாது. கேட்டு, பதில் தெரிந்துவிட்டால், என் மேலதிகாரியிடம் சொல்லியாக வேண்டும். சொன்னால் அக்காவையும் டீச்சரையும் சோதனையிலிருந்து எடுத்துவிடுவார்கள். இந்த வரியை எழுதுவதற்குள் தெருவை இரண்டு தடவை சுற்றி வந்துவிட்டேன்.

டீச்சர், இதைப் படித்துக் காட்டப்போவது நீங்கள்தான். உங்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

நைனா, நீ என்ன செய்தாய்?

அஞ்சலி


பீர்க்கன்கரணை
6 அக்டோபர் 2024

அஞ்சலிக்கு,

எழுத்து மாறியிருப்பதைப் பார்த்து பயந்துவிடாதே. சிட்டிபாபு எழுதுகிறார். டீச்சர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

நீ கேட்டதற்குப் பதில். ஜூலையில் உனக்குக் கடிதம் போட்ட மறுநாள், காந்தாவையும் டீச்சரையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். "ரெண்டு பேரும் அவங்கவங்க டப்பாவ எடுத்துக்கினு வாங்க" என்றேன். ஒரு எவர்சில்வர் தட்டில் இரண்டையும் கொட்டினேன். எது எது என்று எமனுக்கும் தெரியாது, ஒரே மாதிரி வெள்ளை. ஒன்று இவளுக்கு, ஒன்று அவருக்கு என்று பிரித்துப் போட்டேன். மாசாமாசம் புது டப்பா வந்ததும் இதேதான் செய்தேன்.

டீச்சர் கையை இழுத்துக்கொண்டார். "இது தப்பு, பெரியவரே. சோதனையே கெட்டுப்போகும்" என்றார். "ஒண்ணாத்தான போனோம் டீச்சர், எனக்கு மட்டும் இன்னாத்துக்கு?" என்று காந்தாதான் அவருடைய கையைப் பிடித்துத் திறந்து வைத்தாள். அந்தக் கை அதற்கு மேல் மூடவில்லை.

போன வியாழக்கிழமை நான் கெளுத்தி வாங்கிக் கொடுத்தேன். காந்தா ஆய்ந்து தருவதற்குள் டீச்சர் தானே உட்கார்ந்துவிட்டார். முள் கட்டைவிரலுக்குக் கீழே ஏறிவிட்டது. எங்களுக்கெல்லாம் மாசத்துக்கு ஒரு தடவை ஏறுகிற முள்தான். இரண்டு நாள் வலிக்கும், போய்விடும். அவருக்குப் போகவில்லை. காய்ச்சல் அடிக்கிறது, வாய் குழறுகிறது. ஆனால் கையைப் பார்த்தால் பெரிய வீக்கம் இல்லை, சீழ் இல்லை. டாக்டர்கள் குழம்புகிறார்கள்.

சோதனை அட்டையைப் பார்த்துவிட்டு எங்கேயோ போன் போட்டுக் கேட்டார்கள். அவசரம் என்றால் யாருக்கு எது என்று திறந்து பார்ப்பார்களாமே. பார்த்துவிட்டு ஒரு டாக்டர் சொன்னதை மாப்பிள்ளை என் காதில் கத்தினார்: "மாமா, டீச்சருக்குக் குடுத்தது டம்மியாம்! அதனால இந்த மருந்தால இல்லன்னு சொல்றாங்க. வேற எதோ காய்ச்சல்னு டெஸ்ட் எடுக்கறாங்க."

அதைக் கேட்டதும் எனக்குக் கால் நிலைகொள்ளவில்லை. கிருமியைத் துண்டு போட்டுக் காட்ட யார் இருப்பார்கள் என்று எழுதினாயே. "காவல்காரனுக்கு எதிரி வந்ததே தெரியாமல் போய்விடும்." அந்த வரி தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் கை வீங்கவில்லையா? டாக்டர் கையில் இருக்கிற காகிதம் டம்மி என்கிறது. அவர் வயிற்றில் இருப்பது காந்தாவின் மருந்து.

நேற்று டாக்டர் என்னையும் டீச்சரையும் பார்த்துக் கேட்டார், "வேற மாத்திரை எதாவது சாப்பிட்டாங்களா?" நான் வாயைத் திறக்கப் போனேன். டீச்சர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை அசைத்தார். எதற்கு என்று எனக்குத் தெரியும். சொன்னால் காந்தாவின் டப்பா நின்றுவிடும். அவர் அந்த நிலைமையிலும் காந்தாவின் கையைப் பார்க்கிறார். நான் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

ராத்திரி போனது, காலை போனது. ஏரிக்கரையில் நடந்தேன், பெருங்களத்தூர் வரை நடந்தேன், திரும்பினேன். சொன்னால் ஒருத்தியின் கை போகும். சொல்லாவிட்டால் ஒருத்தி போய்விடுவார். இதை எப்படிப் பங்கு பிரிப்பது? பிரிக்க முடியாதது ஒன்று உண்டு என்று இத்தனை வயசுக்குப் பிறகு தெரிகிறது.

இந்தக் கடிதத்தை முடித்ததும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறேன். காந்தாவிடம் சொல்லவில்லை. கேட்டால் அழுவாள். அழுதால் நான் நின்றுவிடுவேன்.

நைனா

(அஞ்சலி, இது நான், சிட்டிபாபு. மாமா சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதினேன். மாத்திரை விஷயம் எனக்கே இப்போதுதான் தெரியும். கடிதம் உனக்கு வர நாளாகும், அதனால் உடனே போன் செய்கிறேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார்.)


ஐதராபாத்
20 அக்டோபர் 2024

நைனாவுக்கு,

சிட்டிபாபு மாமா போன் செய்தபோது நான் லேபில் இருந்தேன். அவர் பாதி சொல்வதற்குள் மேலதிகாரி அறைக்கு ஓடினேன். அவர் சோதனை நடத்துகிறவர்களை அழைத்துச் சொன்னபோது, அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில்: "ஒரு பெரியவர் இங்கே வந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்." எனக்கு முன்னால் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

அன்றே டீச்சரின் கையை ஸ்கேன் எடுத்து, ஆழத்தில் ஒளிந்திருந்த சீழைத் திறந்துவிட்டதாகச் சொன்னார்கள். மருந்தையும் பழைய வார மாத்திரையையும் நிறுத்தினார்கள். மேலே அமைதியாக இருந்ததற்குக் காரணம் எங்கள் மருந்துதானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இருக்கலாம். அந்த 'இருக்கலாம்' என்னைச் சும்மா உட்காரவிடவில்லை.

உன் மேல் எனக்குக் கோபம். தட்டு, ஒன்று இவளுக்கு, ஒன்று அவருக்கு! அதைப் படித்தபோது கடிதத்தை வீசி எறிந்தேன். பிறகு எடுத்து மறுபடியும் படித்தேன். ஜூலைக் கடிதத்தில் பங்கைப் பற்றி அத்தனை வரி எழுதியிருந்தாய். குப்பத்தில் பிறந்தவள் நான். அடுத்து நீ தட்டை எடுப்பாய் என்று ஐதராபாத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சண்டை போடாதே என்று மட்டும்தான் எழுதினேன்.

அக்காவையும் டீச்சரையும் சோதனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி சேருகிறவர்களிடம், பக்கத்து வீட்டில், ஒரே தெருவில் இதே சோதனையில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கப்போகிறார்களாம்.

அக்கா என் போனை எடுப்பதில்லை. அவளிடம் என்ன சொன்னாய்?

அஞ்சலி


பீர்க்கன்கரணை
1 டிசம்பர் 2024

அஞ்சலிக்கு,

டீச்சர் எழுதுகிறார். எழுத்து மறுபடியும் நண்டாகிவிட்டது. அதை நீயே பார்த்துக்கொள்வாய்.

மழையில் தெருவெல்லாம் தண்ணீர். ஏரி நிறைந்து நிற்கிறது. வெளியே நடக்க வழியில்லாமல் கூடத்திலேயே நடந்துகொண்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்கிறேன். டாக்டர் என்னை அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. "மாத்திரய நான்தான் பிரிச்சு குடுத்தேன் சார். அந்தம்மா வேணான்னாங்க. எங்க காந்தா அவங்க கையப் புடிச்சித் தொறந்து வச்சிக் குடுத்தா. காயிதத்துல இன்னா கீதோ எனக்குத் தெரியாது, அவங்க வயித்துல மருந்துதான் கீது" என்றேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நல்லவேளை இன்னைக்கு வந்தீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினார்.

வீட்டுக்கு வந்து காந்தாவிடம் சொன்னேன். அவள் கடைக்குக் கத்தி தீட்டிக்கொண்டிருந்தாள். தீட்டுவதை நிறுத்தவில்லை. "டீச்சர் பொயச்சாங்களா?" என்றாள். பிழைத்துவிடுவார் என்றேன். "அப்ப செரி. ஆனா என்ன ஒரு வார்த்த கேட்டியா நைனா? கேட்டிருந்தா நானேதான் போயி சொல்லியிருப்பேன். ஏன் கேக்கல? இவ சொல்ல மாட்டான்னு நெனச்சிக்கினியா?" என்றாள்.

அப்படித்தான் நினைத்தேன். அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசவில்லை. சோறு போடுவாள், தட்டை வைப்பாள், முகம் பார்க்க மாட்டாள். அவளுடைய கை போன மாசமே பழையபடி ஆகிவிட்டது. காலையில் சுடுதண்ணீர் காய்கிற சத்தம் என் செவிட்டுக் காதுக்கும் கேட்கிறது. பழைய மாத்திரைக்குக் கூட வேறொன்றைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். மெதுவாகத்தான் கேட்குமாம்.

டீச்சர் வீடு திரும்பிய அன்று காந்தா குழம்பு கொண்டுபோனாள். இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு ரொம்ப நேரம் பேசினார்கள். என்ன பேச்சு என்று டீச்சரிடம் கேட்டேன். "அது எங்கள் பங்கு, பெரியவரே" என்கிறார். இதையும் எழுது என்றேன், எழுதி...

யக்கா பேசறேன் பாப்பா. டீச்சருக்கு விரல் நின்னு போச்சு, பேனா கீழ உய்ந்துச்சு. நான் இங்கதான் அடுப்பாண்ட கேட்டுக்கினு இருந்தேன். எடுத்துக்கினேன். நான் எட்டாவதுதான், தப்பு இருந்தா சிரிக்காத.

ஒன் போன எடுக்காததுக்குக் காரணம் நீ அய்வேன்னுதான். ஒன் மருந்து கெட்டது இல்ல பாப்பா. ரெண்டு மாசம் என் கை என் கையா இருந்துச்சு. அத்த ஒங்க ஆபீஸ்ல எழுதி வச்சுக்கோ. டீச்சருக்குக் காய்ச்ச வந்து படுத்ததையும் எழுதி வச்சுக்கோ, ரெண்டையும் எழுது. இன்னொரு தபா கூப்ட்டா வருவோம். அவங்கவங்க டப்பா அவங்கவங்களே முயுங்கறோம். நைனா கண்ல காட்ட மாட்டோம்.

இப்ப நைனா என்னப் பாத்துக்கினு நிக்கறாரு. பேச்ச நிறுத்திட்டாரு. "சொல்லு நைனா, எய்தறேன்"னு சொன்னேன். ரெண்டு மாசத்துக்கு அப்புறம் அவரு கிட்ட பேசின மொத வார்த்த இதான்.

இனி மீண்டும் நான், ஞானஜோதி. காந்தாவுக்குக் கை பிடித்துக்கொண்டது, அதனால் இரண்டு வரி. உன் அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், அஞ்சலி. ஜூன் மாதத்திலிருந்து அவர் நடக்காமல் உட்கார்ந்து சொல்கிற முதல் கடிதம் இது. என்னால் இதற்கு மேல்...

நான்தான். நைனா இன்னும் என்னென்னமோ சொல்லிக்கினே கீறாரு, கவல மீனு, வலை, ஒன் பச்ச சுடிதாரு. டீச்சர் கையும் வலிக்குது, என் கையும் வலிக்குது. மிச்சத்த நீ வந்து கேட்டுக்கோ.

காந்தா